காலேஜ் ஃபுட்பால் ஓவர்டைம்: டையா, என்எஃப்எல் ஸ்டைலா, பழைய 25 யார்டா, இப்போ இருக்கிற ஷூட்அவுட்டா?

அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்ல நாலு குவார்ட்டர் முடிஞ்சும் ஸ்கோர் சமமா நின்னா என்ன பண்றதுங்கிற கேள்விக்கு 1996லேர்ந்து ரூல் புக்ல நாலஞ்சு தடவை கை வச்சுட்டாங்க, இன்னும் யாருக்கும் முழு திருப்தி இல்ல. எப்பவாவது ஒரு மேட்ச் ஏழு, எட்டு ஓவர்டைம்னு போய் நிக்கும், உடனே எல்லாரும் இந்த ரூலை மாத்துங்கப்பான்னு ஆரம்பிப்பாங்க, ஆனா என்னவா மாத்தணும்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பான என்சிஏஏவோட ஃபுட்பால் ரூல்ஸ் கமிட்டில எனக்கு ஒரு சீட் குடுத்தா நான் எதுக்கு கை தூக்குவேன்னு யோசிச்சுப் பாத்தேன், அதுதான் இது.

ஆட்டம் அவ்வளவா பழக்கமில்லாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 100 யார்ட் மைதானம், பந்து கையில இருக்கிற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குள்ள 10 யார்ட் முன்னாடி போனா மறுபடி நாலு சான்ஸ். எதிராளி பக்கக் கோடில இருக்கிற எண்ட் ஸோனுக்குள்ள போனா டச்டவுன், 6 பாயின்ட். அதுக்கப்புறம் உதைச்சு 1 பாயின்ட் எடுக்கலாம், இல்ல 3 யார்ட் லைன்லேர்ந்து ஒரே ஒரு ப்ளேல மறுபடி உள்ள போய் 2 பாயின்ட் எடுக்கலாம், இதுதான் டூ பாயின்ட் கன்வெர்ஷன். டச்டவுன் வரலன்னா தூரத்துலேர்ந்து உதைச்சு ஃபீல்ட் கோல், 3 பாயின்ட். இவ்வளவு போதும்.

முதல் ஆப்ஷன், ஓவர்டைமே வேணாம், டைன்னா டைதான். 1995 வரைக்கும் பெரிய டிவிஷன்ல அப்படித்தான் இருந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல விஸ்கான்சினும் இல்லினாயும் 3-3ன்னு முடிச்சாங்களே, அதுதான் கடைசி டை. அடுத்த மாசமே லாஸ் வேகஸ் பௌல்ல (பௌல்னா சீசன் முடிவுல நடக்கற ஸ்பெஷல் மேட்ச்) டொலீடோ ஓவர்டைம்ல நெவாடாவை 40-37ன்னு ஜெயிச்சு புது காலத்தை தொடங்கி வச்சிடுச்சு, 1996லேர்ந்து லீக் மேட்சுக்கும் ஓவர்டைம் வந்துருச்சு.

டையை ஆதரிக்கிறவங்க எப்பவும் 1968 ஹார்வர்ட் - யேல் மேட்சைத்தான் எடுத்து விடுவாங்க. ரெண்டு டீமும் அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட தோக்கல, ஹார்வர்ட் கடைசி 42 செகண்ட்ல 16 பாயின்ட் எடுத்து 29-29 ஆக்கிச்சு, அதுக்கப்புறம் ஹார்வர்ட் மாணவர் பத்திரிகை ஹார்வர்ட் 29-29ன்னு யேலை ஜெயிச்சதுன்னு தலைப்பு போட்டுச்சு. அழகான கதைதான், நான் இல்லங்கல. ஆனா டையோட நிஜ முகம் பாக்கணும்னா 1966க்கும் 1984க்கும் போகணும்.

அப்போ பட்டம் ஓட்டெடுப்பு ரேங்க் வச்சுத்தான். 1966 நவம்பர்ல நம்பர் ஒன் நோட்டர் டேமும் நம்பர் டூ மிஷிகன் ஸ்டேட்டும் மோதுறாங்க, 10-10, கடைசில ஒரு நிமிஷத்துக்கு மேல பாக்கி இருக்கு, பந்து நோட்டர் டேம் கையில. கோச் ஆரா பார்சீகியன் ரிஸ்க்கே எடுக்கல, ஓடவிட்டு ஓடவிட்டு கடிகாரத்தைக் கரைச்சுட்டார். அடுத்த வாரம் யுஎஸ்சியை 51-0ன்னு நசுக்கி அந்த வருஷ நேஷனல் சாம்பியன் பட்டத்தையும் வாங்கிட்டாங்க. இப்போ 1984 ஜனவரி, ஆரஞ்சு பௌல். நெப்ராஸ்கா அதுவரைக்கும் தோக்காத நம்பர் ஒன், மயாமிகிட்ட 31-17ன்னு பின்தங்கி இருந்துட்டு கடைசி நிமிஷத்துல 31-30க்கு வந்துட்டாங்க. உதைச்சு ஒரு பாயின்ட் எடுத்தா டை, டை ஆனா பட்டம் பெரும்பாலும் அவங்களுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். கோச் டாம் ஆஸ்போர்ன் ஜெயிக்கத்தான் வந்தோம்னு 2 பாயின்ட்டுக்கு போனார், பாஸ் தட்டி விடப்பட்டுச்சு, பட்டம் மயாமிக்கு போயிடுச்சு.

பந்தை மடியில வச்சுட்டு உக்காந்தவருக்கு பட்டம், ஜெயிக்கப் போனவருக்கு தோல்வி. டை இருக்கிற வரைக்கும் ரூல் புக்கே கோச் காதுல பேசாம இருன்னு ஓதிட்டு இருக்கும். அதனால எனக்கு டை வேணாம். நான் இந்த அளவுகோலை மத்த ஆப்ஷனுக்கும் வைக்கப்போறேன்: துணிஞ்சு ஜெயிக்கப் போறவனுக்கு ரூல் வழி விடுதா, பசங்க உடம்பு தாங்குமா, நடக்கிறது ஃபுட்பால் மாதிரி இருக்கா. மூணுல ரெண்டாவது விஷயம்தான் இந்த விவாதத்துல சத்தமா பேசப்படுது, மத்த ரெண்டையும் மறந்துடறாங்க.

ரெண்டாவது ஆப்ஷன் ப்ரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் மாதிரி. கிக்காஃப் (பந்தை எதிராளிகிட்ட உதைச்சு ஆட்டத்தை தொடங்கறது) வச்சு, கடிகாரம் ஓடவிட்டு, கூடுதலா 10 நிமிஷம் ஆடு. என்எஃப்எல்ல 1974ல இது வந்தப்போ முதல்ல ஸ்கோர் பண்றவங்களுக்கு மேட்ச்னு இருந்துச்சு, டாஸ் ஜெயிச்சவன் பந்தை வாங்கி ஒரு ஃபீல்ட் கோல் அடிச்சா கதை முடிஞ்சுது, எதிர் டீமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர், பெஞ்சுல உக்காந்தே தோத்துட்டு போவார். அப்புறம் முதல் ட்ரைவ்ல, அதாவது முதல் டீம் பந்தோட ஆடற முறைல, ஃபீல்ட் கோல் மட்டும்னா எதிராளிக்கும் ஒரு சான்ஸ்னு மாத்தினாங்க, அதுவும் பத்தல. 2022 ஜனவரில கான்சஸ் சிட்டி - பஃபலோ ப்ளேஆஃப் மேட்ச் 42-36ன்னு முடிஞ்சப்போ பஃபலோ அஃபென்ஸ் ஓவர்டைம்ல பந்தையே தொடல, அந்த கூச்சலுக்கப்புறம்தான் ப்ளேஆஃப்ல ரெண்டு டீமுக்கும் பந்துன்னு ஆக்கினாங்க, 2025ல லீக் மேட்சுக்கும் அதையே கொண்டு வந்தாங்க. அந்த சீசன்லயே கிரீன் பேயும் டல்லஸும் 40-40ன்னு டை ஆனாங்க.

இது முழு ஃபுட்பால், ஒத்துக்கறேன். கிக்காஃப் இருக்கு, பன்ட் (சான்ஸ் தீரப்போகும்போது பந்தை எதிராளி பக்கம் தூரமா உதைச்சு விடறது) இருக்கு, மைதானம் முழுக்க யூஸ் ஆகுது. ஆனா காலேஜுக்கு இது செட் ஆகாது. கிக்காஃப்தான் அடிபடறதுக்கு அதிக வாய்ப்புள்ள ப்ளேன்னு சொல்லி வருஷா வருஷம் அதைக் குறைக்கற மாதிரி ரூல் போட்டுட்டு இருக்காங்க, அதை ஓவர்டைம்ல தேடிப் போய் சேக்கறது என்ன நியாயம். அதோட கடிகாரம் வந்தா பழைய வியாதியும் கூட வரும், 10 நிமிஷத்துல முதல் டீம் நிதானமா ஏழு எட்டு நிமிஷத்தை தின்னுட்டா அடுத்தவன் அவசர அவசரமா ஓடணும், அப்படியும் டை ஆகலாம். டையை ஒழிக்க ஒரு ரூல் கொண்டு வந்து அதுல டையே வந்தா எதுக்கு இந்த பாடு. இந்த ஆப்ஷனை நான் ஈஸியா தள்ளி வச்சிட்டேன்.

மூணாவதுதான் காலேஜ் ஃபுட்பாலோட சொந்த சொத்து, பழைய 25 யார்ட் முறை. இதோட விதை கான்சஸ் மாநில ஹைஸ்கூல்ல 1970கள் தொடக்கத்துல போட்டது, அங்க 10 யார்ட் லைன்லேர்ந்து ஆடுவாங்க. காலேஜ்ல அதை 25க்கு தள்ளினாங்க. கடிகாரம் கிடையாது, கிக்காஃப் கிடையாது, எதிராளியோட 25 யார்ட் லைன்ல பந்தை வைப்பாங்க, நீ ஒரு தடவை ஆடு, நான் ஒரு தடவை ஆடறேன், யார் அதிகம் எடுத்தாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, சமமா இருந்தா அடுத்த ரவுண்ட். 1997லேர்ந்து மூணாவது ரவுண்ட் முதல் டச்டவுன் போட்டா கட்டாயம் 2 பாயின்ட்டுக்குத்தான் போகணும்னு சேத்தாங்க, சீக்கிரம் முடியட்டும்னு.

இதுல வந்த ட்ராமா இருக்கே, அது வேற எந்த முறைலயும் வராது. 2018 ஜனவரி நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனலை எடுத்துக்கோங்க, அலபாமா - ஜார்ஜியா, 20-20. ஓவர்டைம்ல ஜார்ஜியா முதல்ல ஆடுது, குவார்ட்டர்பேக்கை பின்னாடி தள்ளி சாச்சுட்டாங்க, கடைசில 51 யார்ட்லேர்ந்து உதைச்சு 3 பாயின்ட். அடுத்து அலபாமா, முதல் ப்ளேலயே டுவா டாகோவைலோவா 16 யார்ட் பின்னாடி மாட்டிக்கிட்டார், இனிமே 26 யார்ட் போகணும்ங்கற நிலைமை, ஜார்ஜியா ரசிகர்கள் எல்லாம் எழுந்து நிக்கறாங்க, அடுத்த ப்ளே 41 யார்ட் பாஸ் டெவான்டா ஸ்மித்துக்கு, டச்டவுன், மேட்ச் முடிஞ்சுது. இதுல கவனிக்க வேண்டியது டிஃபென்ஸ் ரெண்டு பேரையும் பின்னாடி தள்ள முடிஞ்சுதுங்கறது. பின்னாடி போக இடம் இருக்கணும், அடுத்த ப்ளேல அதை சரி பண்ணவும் சான்ஸ் இருக்கணும், அப்போதான் கதை வரும்.

துணிச்சலுக்கும் இங்க இடம் இருந்துச்சு. 2007 ஃபியஸ்டா பௌல், சின்ன டீம் பாய்ஸி ஸ்டேட், பெரிய பாரம்பரியம் உள்ள ஓக்லஹோமாவுக்கு எதிரா. முதல் ஓவர்டைம்ல ஓக்லஹோமா டச்டவுன் போட்டு 42-35. பாய்ஸி திருப்பி டச்டவுன் போட்டுட்டு, ஒரு பாயின்ட் உதைச்சு அடுத்த ரவுண்டுக்கு போகாம, ரவுண்ட் ஏற ஏற பெரிய டீம்தான் தாக்குப்பிடிக்கும்னு தெரிஞ்சு, 2 பாயின்ட்டுக்கு போனாங்க, பாஸ் போடற மாதிரி பாவ்லா காட்டி முதுகுக்குப் பின்னாடி பந்தைக் குடுத்து 43-42. அன்னைக்கு அவங்க கையில சாய்ஸ் இருந்துச்சு, அதான் மேட்டர்.

அப்போ ஏன் மாத்தினாங்க? 2018 நவம்பர் 24, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் - எல்எஸ்யூ, ஏ அண்ட் எம்மோட மைதானம் கைல் ஃபீல்ட். நாலு குவார்ட்டர் முடியறதுக்குள்ளயே எல்எஸ்யூ ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு கோச் எட் ஆர்ஜெரான் தலைல வெற்றிக் கொண்டாட்டமா கேட்டரேட் பானத்தைக் கொட்டிட்டாங்க, ரீப்ளேல அந்த தீர்ப்பு மாறி ஏ அண்ட் எம் கடைசி ப்ளேல டை பண்ணிச்சு, 31-31. அதுக்கப்புறம் ஏழு ஓவர்டைம், 74-72. மொத்தம் 146 பாயின்ட்ல 84 பாயின்ட் ஓவர்டைம்ல மட்டும் வந்தது. டிவில பாக்கறவங்களுக்கு திருவிழா, ஆடினவங்களுக்கு அஞ்சு மணி நேரத்துக்குக் கிட்ட நடந்த ஒரு மேட்ச், கடைசி ரவுண்டுகள்ல டிஃபென்ஸ் ஆளுங்க நிக்கவே சிரமப்பட்டாங்க, எல்லா ரவுண்டும் முழு நீளம். அடுத்த சீசன்லயே, 2019ல, அஞ்சாவது ஓவர்டைம்லேர்ந்து வெறும் 2 பாயின்ட் ப்ளே மட்டும் மாறி மாறி ஆடுங்கன்னு கொண்டு வந்தாங்க. இது எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு, இப்பவும் படுது. ஏன்னா நாலு முழு ரவுண்ட் ஆடியும் தீராதவங்களுக்கு மட்டும்தான் அந்த ஷூட்அவுட்.

ஆனா 2021ல அதையும் இறுக்கினாங்க. இதுதான் நாலாவது ஆப்ஷன், இப்போ நடைமுறைல இருக்கிறது. முதல் ரவுண்ட் பழையபடி, ரெண்டாவது ரவுண்ட்லேர்ந்தே டச்டவுனுக்கு அப்புறம் 2 பாயின்ட் கட்டாயம், மூணாவதுலேர்ந்து நேரா ஷூட்அவுட், 3 யார்ட் லைன்ல பந்து, ஆளுக்கு ஒரு ப்ளே. கிரிக்கெட்ல டை ஆனதும் சூப்பர் ஓவர் வைக்காம ஆளுக்கு ஒரே ஒரு பந்து போட்டு சிக்ஸ் அடிச்சவன் ஜெயிச்சான்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படி.

அந்த வருஷமே அக்டோபர் 23, இல்லினாய் - பென் ஸ்டேட். பென் ஸ்டேட் அப்போ நம்பர் 7. 10-10ன்னு முடிஞ்சு, முதல் ரெண்டு ரவுண்ட்ல ஃபீல்ட் கோலா போட்டு 16-16. அப்புறம் ஷூட்அவுட், மூணாவதுலேர்ந்து ஏழாவது வரைக்கும் அஞ்சு ரவுண்ட், பத்து ப்ளே, பத்தும் ஃபெயில். எட்டாவதுல ரெண்டு பேரும் எடுத்தாங்க, ஒன்பதாவதுல இல்லினாய் எடுத்து 20-18. ஒன்பது ஓவர்டைம், சரித்திரத்துலயே அதிகம்னு ரெக்கார்ட் புக்ல போட்டாங்க, 74-72 மேட்சோட ஏழுக்கு மேல இது நிக்குது. கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த கடைசி ஏழு ஓவர்டைமும் சேத்து மொத்தம் 14 ப்ளே. ஏ அண்ட் எம் மேட்சுல ரெண்டு மூணு ரவுண்டுக்குள்ளயே அதைத் தாண்டியிருப்பாங்க. ரெண்டையும் ஒரே பட்டியல்ல வைக்கறது எந்த ஊர் கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

இந்த முறைக்கு உள்ள நியாயத்தையும் சொல்லிடணும், ஏன்னா அது சின்ன விஷயம் இல்ல. 2024 தேங்க்ஸ்கிவிங் மறுநாள் ஜார்ஜியா ஜார்ஜியா டெக்கை எட்டு ஓவர்டைம்ல 44-42ன்னு ஜெயிச்சுது. சரியா எட்டு நாள் கழிச்சு அவங்க ஆடற பிரிவான எஸ்இசியோட சாம்பியன்ஷிப்ல டெக்ஸஸோட ஆடி அதையும் ஓவர்டைம்ல 22-19ன்னு எடுத்தாங்க. முதல் மேட்சுல எட்டும் முழு ரவுண்டா இருந்திருந்தா அந்த டீம் அடுத்த வாரம் எந்த நிலைமைல வந்திருக்கும்? 2024லேர்ந்து ப்ளேஆஃப் 12 டீம் ஆயிடுச்சு, அந்த வருஷம் பட்டம் வாங்கின ஒஹையோ ஸ்டேட் மொத்தம் 16 மேட்ச் ஆடிச்சு. இப்போ காலேஜே நேரடியா பணம் குடுக்கலாம்னு ஆயிடுச்சு, அதனால இவங்களும் ப்ரொஃபஷனல்தானேன்னு சிலர் கேக்கறாங்க, பணம் வாங்கினா முட்டி இரும்பாயிடுமா என்ன. ஸோ 2018 மாதிரி முடிவே இல்லாத முழு ரவுண்ட் திரும்ப வரக்கூடாதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, மூணாவது ஆப்ஷன் எவ்வளவு அழகா இருந்தாலும் அதை அப்படியே திருப்பிக் கேக்கறது வெறும் ஏக்கம்தான்.

ஷூட்அவுட் சீக்கிரம் முடியும்னு சொல்றாங்களே, அதுவும் ஒரு அளவுக்குத்தான். 2 பாயின்ட் ப்ளே ஜெயிக்கிற சான்ஸ் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. பாதின்னே வச்சுக்கோங்க, ஒரு ரவுண்ட்ல ஒருத்தன் எடுத்து இன்னொருத்தன் விட்டாத்தான் முடிவு, அதுக்கு சான்ஸ் ரெண்டுல ஒண்ணு. அதாவது ஒவ்வொரு ரவுண்டும் காசு சுண்டற மாதிரி, பாதி தடவை மறுபடி ஆடணும். ப்ளே கம்மி, ஆனா ஒவ்வொரு ப்ளேக்கு முன்னாடியும் கோச்சுங்க டைம்அவுட் எடுத்து எதிராளி எப்படி நிக்கறான்னு பாத்துட்டு மாத்தி நிறுத்தி இழுத்துட்டு இருந்தாங்க, அதனாலதான் 2025ல மூணாவது ஓவர்டைம்லேர்ந்து மேட்ச் முடியற வரைக்கும் ஆளுக்கு ஒரே டைம்அவுட்னு வெட்டினாங்க. நல்ல காரியம், இதை மட்டும் யாரும் தொட வேணாம்.

எனக்கு இந்த முறைல உறுத்தற இடம் வேற. 3 யார்ட் லைன்ல ஒரு ப்ளேங்கறப்போ தூரமா வீசற குவார்ட்டர்பேக்குக்கு வேலை இல்ல, வேகமா ஓடற ரிசீவருக்கு வேலை இல்ல, உதைக்கறவன் குளிக்கப் போயிடலாம். டிஃபென்ஸ் ஒரு தடவை ஏமாந்தா திருத்திக்க அடுத்த ப்ளே கிடையாது. சீசன் முழுக்க இதுக்குன்னு எடுத்து வச்சிருக்கிற நாலஞ்சு ப்ளே யார்கிட்ட நல்லா இருக்கோ அவங்க ஜெயிப்பாங்க. துணிச்சல் விஷயத்துலயும் அடி, ரெண்டாவது ரவுண்ட்லயே 2 பாயின்ட் கட்டாயம் ஆயிட்டதால பாய்ஸி ஸ்டேட் மாதிரி முடிவெடுக்க முதல் ரவுண்ட் ஒண்ணுதான் பாக்கி. எல்லாரையும் கட்டாயமா துணிய வச்சா அது துணிச்சல் கணக்குல வராது.

இதுக்கு நடுவுல கனடாவை யாரும் கண்டுக்கறதில்ல. அங்க இருக்கிற ப்ரொஃபஷனல் லீக்கான சிஎஃப்எல்ல ரெண்டு டீமும் 35 யார்ட் லைன்லேர்ந்து ஆடும், டச்டவுன் போட்டா 2 பாயின்ட்டுக்குத்தான் போகணும், லீக் மேட்சுல அதிகபட்சம் ரெண்டு ரவுண்ட், அப்பவும் சமம்னா டை. ப்ளேஆஃப்ல மட்டும் முடிவு வர்ற வரைக்கும் ஆடுவாங்க. டை வர்றதால அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனா அந்த 35 என்னை யோசிக்க வச்சுது. அங்க கோல் போஸ்ட் கோல் லைன்லயே நிக்குது, அதனால 35லேர்ந்து உதைச்சா ஏறக்குறைய 42 யார்ட். காலேஜ்ல போஸ்ட் எண்ட் ஸோனுக்குப் பின்னாடி இருக்கு, 25 யார்ட் லைன்னா எண்ட் ஸோன் 10, பந்தை பின்னாடி குடுத்து வைக்கற 7, எல்லாம் சேத்து அதே 42. அதாவது ரெண்டு இடத்துலயும் ஒரு அடி கூட முன்னாடி போகாம 42 யார்ட் உதை இலவசமா கிடைக்குது. நல்ல காலேஜ் கிக்கருக்கு அது பெரிய விஷயமே இல்ல. டாஸ் ஜெயிச்ச டீம் கிட்டத்தட்ட எப்பவும் முதல்ல டிஃபென்ஸ்தான் கேக்கும், எதிராளி என்ன எடுத்தான்னு தெரிஞ்சுட்டு ஆடலாம்னு, அதுல அவன் ஸ்கோர் பண்ணலன்னா மூணு தடவை நடுவுல ஓடி நின்னு உதைச்சுட்டு வீட்டுக்கு போயிடலாம். இதுவும் 1966 நோட்டர் டேம் புத்திதான்.

அதனால நான் கை தூக்கறது ஒரு கலப்புக்கு. காலேஜ்லயும் 35 யார்ட் லைன்லேர்ந்து தொடங்கட்டும். அப்போ சும்மா நின்ன இடத்துலேர்ந்து உதைச்சா 52 யார்ட், அதை நம்பி எந்த கோச்சும் உக்கார மாட்டார், ஒரு ஃபர்ஸ்ட் டவுனாவது (10 யார்ட் போய் மறுபடி நாலு சான்ஸ்) எடுத்தாகணும், டிஃபென்ஸுக்கும் தள்ளி விளையாட இடம் கிடைக்கும். முதல் ரெண்டு ரவுண்ட்ல டச்டவுனுக்கு அப்புறம் ஒரு பாயின்ட்டா ரெண்டாங்கறது கோச் இஷ்டம். மூணாவது ரவுண்டும் முழு ரவுண்ட், ஆனா 2 பாயின்ட் கட்டாயம். நாலாவதுலேர்ந்து ஷூட்அவுட். இப்போ இருக்கிறதை விட ஒரே ஒரு முழு ரவுண்ட்தான் கூடுது, அதுவும் ரெண்டு ரவுண்ட் தாண்டற கொஞ்சம் மேட்சுகளுக்கு மட்டும். 2019 ரூலுக்கும் 2021 ரூலுக்கும் நடுவுல நிக்குது.

35ல பந்து வச்சா டை குறைஞ்சிடுமான்னு கேட்டா பெருசா குறையாது. ரெண்டு பேரும் 7 எடுக்கறது குறையும், ரெண்டு பேரும் முட்டை போடறது கூடும், கூட்டிக் கழிச்சா ஏறக்குறைய அதே இடம். அதுக்காக நான் இதைக் கேக்கல, டிஃபென்ஸும் ஆட்டத்துல இருக்கட்டும்னுதான். ஏற்கனவே களைச்சுப்போன டீம் 10 யார்ட் கூட ஓடணுமேன்னு எதிர்ப்பு வரும், அதுல நியாயம் இருக்கு, முழு ரவுண்டை மூணோட நிறுத்தறதுக்கு அதுவும் ஒரு காரணம். கமிட்டி 35 ரொம்ப தூரம்னு தயங்கினா 30க்கு இறங்கி வருவேன், 47 யார்ட் உதைன்னாலும் கோச்சை ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும். ஆனா முதல் ரெண்டு ரவுண்ட்ல அந்த சாய்ஸை பறிக்கறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.